ஸ்டைன்மெட்ஸ்: கரன்ட்டுக்குக் கோணம் கொடுத்தவர்

ட்ரிபிள் ஈ படிக்கிறவங்களுக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். ஆனா பேர் மட்டும்தான். மெஷின்ஸ் பேப்பர்ல ஹிஸ்டரிசிஸ் லாஸுக்கு ஒரு ஃபார்முலா வரும், அதுல 1.6னு ஒரு பவர் இருக்கும், பக்கத்துல ஸ்டைன்மெட்ஸ்னு எழுதியிருக்கும். ரெண்டு மார்க், அவ்வளவுதான். மத்த டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு வாட்ஸ்அப் ஃபார்வர்டு மூலமா தெரிஞ்சிருக்கலாம்: ஓடாத மெஷின்ல சாக்பீஸால ஒரு கோடு போட்டுட்டுப் பத்தாயிரம் டாலர் பில் கொடுத்தவர்னு. அந்தக் கதையை நான் இங்கே சொல்லப் போறதில்லை. அவரோட உண்மையான வாழ்க்கை அதைவிட நல்லா இருக்கு. அவர் இறந்து நூறு வருஷம் தாண்டியும், இன்னைக்கு இந்தியாவோட மொத்த கிரிட்டையும் கண்காணிக்கிற கருவி அவர் போட்டுக் கொடுத்த கணக்கைத்தான் நம்பி நிக்குது. அது எப்படின்னு கடைசியில வருவோம். முதல்ல ஆளைப் பார்ப்போம்.

1865 ஏப்ரல் 9. பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகரம். இன்னைக்கு அது போலந்தில் இருக்கும் வ்ரோட்ஸ்வாஃப். கார்ல் ஆகஸ்ட் ருடால்ஃப் ஸ்டைன்மெட்ஸ் அங்கே பிறந்தார். பிறக்கும்போதே முதுகில் கூன், இடுப்பு எலும்பிலும் குறை. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இதே கூன் இருந்தது. வளர்ந்து முடிச்ச பிறகும் அவர் உயரம் சுமார் நாலு அடிதான். ஒரு வயசுலயே அம்மா இறந்துட்டாங்க. பாட்டி வளர்த்தாங்க.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். 1883-ல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதத்தில் ஆழமா இறங்கினார். கூடப் படிச்சவங்க அவருக்கு வச்ச பட்டப்பேர் ப்ரோட்டியஸ். கிரேக்கக் கதைகள்ல நினைச்ச உருவம் எடுக்கிற கடல் தேவதை அது. கிண்டலா வச்ச பேரா, பாசமா வச்ச பேரான்னு நம்ம ஹாஸ்டல் பேர்களைப் பார்த்தாலே புரியும், ரெண்டும்தான். பின்னாடி அவர் அந்தப் பேரையே தன் சொந்தப் பேரோட சேர்த்துக்கிட்டார்.

கல்லூரியில் அவர் சோஷலிஸ்ட் மாணவர் குழுவில் சேர்ந்தார். அப்போ ஜெர்மனியை நடத்தினவர் பிஸ்மார்க். சோஷலிஸ்ட் இயக்கத்துக்குத் தடை இருந்த காலம். ஸ்டைன்மெட்ஸ் ஒரு சோஷலிஸ்ட் பத்திரிகையைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் எடுத்துக்கிட்டார். போலீஸ் நெருங்கியது. 1888-ல் டாக்டர் பட்டம் கைக்கு எட்டுற தூரத்தில் இருந்தப்போ அவர் ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. நீங்க ஃபைனல் இயர்ல இருக்கீங்கன்னா இதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. எல்லாம் முடிஞ்சு வைவா மட்டும் பாக்கி. அந்த நேரத்துல பெட்டியை எடுத்துக்கிட்டு எல்லை தாண்டணும். பிறந்த ஊருக்குத் திரும்பி வர முடியுமான்னும் தெரியாது.

சுவிட்சர்லாந்தில் சூரிச் போய்ச் சேர்ந்து, அங்கே பாலிடெக்னிக்கில் எஞ்சினியரிங் பக்கம் திரும்பினார். அங்கே ஆஸ்கர் ஆஸ்முசன் என்ற நண்பர் கிடைத்தார். 1889-ல் ரெண்டு பேரும் கப்பலேறி நியூயார்க் போனார்கள். துறைமுகத்தில் அதிகாரிகள் ஸ்டைன்மெட்ஸைப் பார்த்தார்கள். கூன் முதுகு, கையில் காசு இல்லை, ஆங்கிலம் சரியா வரலை. இவர் நாட்டுக்குச் சுமையா இருப்பார்னு திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். ஆஸ்முசன் முன்னால வந்து, தான் பொறுப்பு என்று உறுதி கொடுத்ததால்தான் உள்ளே விட்டார்கள். ஏ.சி. கரன்ட்டைக் கணக்குப் போடும் முறை அன்னைக்கு ஒரு நண்பனோட ஜாமீன்லதான் அமெரிக்காவுக்குள்ள நுழைஞ்சது.

நியூயார்க் பக்கத்துல யாங்கர்ஸ் என்ற ஊரில் ருடால்ஃப் ஐக்மேயர் என்பவரின் தொழிற்சாலை இருந்தது. அவரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர். அங்கே ஸ்டைன்மெட்ஸுக்கு வேலை கிடைத்தது. அமெரிக்காவில் கார்ல் என்ற பேரை சார்ல்ஸ் என்று மாற்றி, கல்லூரிப் பட்டப்பேரையும் சேர்த்து, சார்ல்ஸ் ப்ரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ் ஆனார்.

அந்தக் காலத்துல மோட்டார் டிசைன் எப்படி நடந்துச்சு தெரியுமா? செய்வாங்க, ஓட்டிப் பார்ப்பாங்க, இரும்பு சூடாகி எரிஞ்சா மறுபடி வேற மாதிரி செய்வாங்க. ஏ.சி. கரன்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரும்பின் காந்தத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் போடுது. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் கொஞ்சம் சக்தி வெப்பமா வீணாகுது. எவ்வளவு வீணாகும்னு முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியலை. ஸ்டைன்மெட்ஸ் பொறுமையா அளந்து அளந்து பார்த்து, காந்த அடர்த்தியின் 1.6 மடியைப் பொறுத்து அந்த இழப்பு ஏறுதுன்னு கண்டுபிடிச்சார். 1892-ல் அமெரிக்க மின் பொறியாளர் சங்கத்தில் அதைப் படிச்சார். அதுக்கப்புறம் மோட்டாரைப் பேப்பர்லயே டிசைன் பண்ணலாம்னு ஆச்சு. அப்போ அவருக்கு வயசு 26. நம்ம ரெண்டு மார்க் அங்கேதான் பிறந்தது.

அதே வருஷம் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி உருவானது. சீக்கிரமே அது ஐக்மேயரின் கம்பெனியையும் வாங்கியது. ஸ்டைன்மெட்ஸும் கூடவே போனார். 1894 முதல் ஸ்கெனக்டடி நகரம்தான் அவருடைய ஊர். கடைசி வரைக்கும் அங்கேதான் இருந்தார்.

இப்போ 1893-க்கு வருவோம். சிகாகோவில் உலகக் கண்காட்சி நடக்குது. அதையொட்டி ஆகஸ்ட் மாசம் சர்வதேச மின்சார மாநாடு. அங்கே ஸ்டைன்மெட்ஸ் ஒரு கட்டுரை கொடுத்தார். கலப்பெண்களை மின் பொறியியலில் எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் விஷயம். அதே வருஷம் ஆர்தர் கென்னலி என்பவரும் இதே திசையில் எழுதினார். ஆனா எஞ்சினியர்கள் தினமும் பயன்படுத்துற முழு முறையா இதை வளர்த்தெடுத்தவர் ஸ்டைன்மெட்ஸ்.

பிரச்சனை என்னன்னா, ஏ.சி.யில் கூட்டல் சரியா வராது. ஒரு ரெசிஸ்டர்ல 3 வோல்ட், அதோட சீரீஸ்ல இருக்கிற ஒரு காயில்ல 4 வோல்ட். மொத்தம் 7னு நினைப்போம். மீட்டர் 5 காட்டும். ஏன்னா ரெண்டு அலையும் ஒரே நேரத்துல உச்சிக்குப் போறதில்லை. ஒண்ணு முன்னாடி போகுது, இன்னொண்ணு பின்னாடி வருது. அதுக்கு முன்னாடி எஞ்சினியர்கள் இதை டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் வச்சோ, படம் வரைஞ்சோ போட்டுக்கிட்டு இருந்தாங்க. பெரிய சர்க்யூட்னா நாள்கணக்கில் ஆகும்.

ஸ்டைன்மெட்ஸ் சொன்ன வழி எளிமையானது. எல்லா அலையும் ஒரே ஃப்ரீக்வென்சியில் ஓடுதுன்னா, ஓட்டத்தை விட்டுடுங்க. ஒவ்வொரு அலைக்கும் ரெண்டே விஷயத்தைக் குறிச்சுக்கோங்க: எவ்வளவு பெருசு, எந்தக் கோணத்துல நிக்குது. அந்த ரெண்டையும் ஒரு கலப்பெண்ணா எழுதிட்டா, கால்குலஸ் பிரச்சனை பிளஸ் டூ அல்ஜீப்ரா ஆயிடும். நாம இன்னைக்கு ஃபேசர்னு சொல்றது அதைத்தான். கால்குலேட்டர்ல போலார், ரெக்டாங்குலர்னு மாத்தி மாத்தி அழுத்துறோமே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான்.

முதல்ல நிறைய பேருக்கு இது புரியலை. சாதாரண எஞ்சினியர்களுக்கு அப்போ கலப்பெண் பழக்கமில்லை. அதனால அவர் புத்தகம் எழுதினார். 1897-ல் ஏ.சி. நிகழ்வுகள் பற்றிய அவருடைய பெரிய பாடநூல் வந்தது. பின்னாடி இன்னும் பல. 1901-ல் மின் பொறியாளர் சங்கத்தின் தலைவரானார். 1902-ல் ஹார்வர்ட் கௌரவப் பட்டம் கொடுத்தது. அதே வருஷம் யூனியன் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியராகவும் ஆனார். பிரெஸ்லாவில் வாங்க முடியாமப் போன பட்டத்துக்கு வாழ்க்கை இப்படி ஈடு கொடுத்தது.

அவர் வேலை செய்யும் விதம் தனி. முதுகு நிமிராததால் நாற்காலியில் ஒழுங்கா உட்கார முடியாது. ஸ்டூலின் மேல் முழங்கால் போட்டுச் சாய்ந்து எழுதுவார். வாயில் எப்பவும் சுருட்டு. வெயில் காலத்துல மொஹாக் ஆற்றுப் பக்கம் இருந்த தன் கேம்ப்புக்குப் போய், ஒரு சின்னப் படகில் குறுக்கே பலகை போட்டு, அதில் பேப்பரை வச்சுக் கணக்குப் போட்டுக்கிட்டே மிதப்பார். வீட்டில் முதலை இனத்தைச் சேர்ந்த அலிகேட்டர்களை வளர்த்தார்.

அவர் கல்யாணம் பண்ணிக்கலை. தன் கூன் அடுத்த தலைமுறைக்குப் போகக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தார். ஆனா குடும்பம் வேணும்னு ஆசை இருந்தது. லேபில் தன்னோட உதவியாளரா இருந்த ஜோசப் ஹேடனையும் அவர் மனைவியையும் தன் பெரிய வீட்டுக்குக் குடிவரச் சொன்னார். அப்புறம் ஹேடனைச் சட்டப்படி மகனாகத் தத்தெடுத்தார். ஹேடனின் மூணு குழந்தைகளுக்கும் அவர் தாத்தா ஆனார். யாரும் இல்லாம வந்த ஆள், ஒரு வீடு நிறைய மனுஷங்களைத் தானே சேர்த்துக்கிட்டார்.

1920-ல் அவருடைய கேம்ப்பில் இடி விழுந்தது. ஒரு கண்ணாடி தூள் தூளா உடைஞ்சது. நாமளா இருந்தா பெருக்கித் தள்ளியிருப்போம். அவர் துண்டுகளைப் பொறுக்கி, ஒவ்வொண்ணா ஒட்டவைத்து, மின்னல் எந்த வழியா ஓடியிருக்குன்னு பார்த்தார். 1922-ல் லேபிலேயே 1,20,000 வோல்ட்டில் செயற்கை மின்னல் உண்டாக்கிக் காட்டினார். எடிசனே நேர்ல வந்து பார்த்தார். இது வேடிக்கைக்காகச் செய்தது இல்லை. மின் கம்பிகளை இடியிலிருந்து காப்பாத்துற லைட்னிங் அரெஸ்டரைச் சோதிக்கத்தான் அந்த மெஷின்.

ஐன்ஸ்டைனும் இவரும் மட்டும் நிற்கிற ஒரு போட்டோ இணையத்துல சுத்துது. அது 1921-ல் நியூ ஜெர்சியில் ஒரு ரேடியோ நிலையத்தில் எடுத்த குரூப் போட்டோ. மத்தவங்களையெல்லாம் அழிச்சுட்டு ரெண்டு பேரை மட்டும் விட்டாங்க. எடிட்டிங் நம்ம காலத்துப் பழக்கம் மட்டும் இல்லை!

ஒரு விஷயத்தைப் பல பேர் விட்டுடுறாங்க. உலகத்தின் பெரிய கம்பெனிகளில் ஒன்றில் வேலை பார்த்தாலும் அவர் சோஷலிஸ்டாகவே இருந்தார். ஸ்கெனக்டடியில் பள்ளிக் கல்வி வாரியத்தின் தலைவராகவும், நகர மன்றத்தின் தலைவராகவும் இருந்தார். 1922-ல் லெனினுக்குக் கடிதம் எழுதி, ரஷ்யாவுக்கு மின்சாரம் கொண்டுபோக உதவத் தயார்னு சொன்னார். லெனின் பதில் எழுதினார், கையெழுத்துப் போட்ட போட்டோவும் அனுப்பினார். முதலாளி கம்பெனியில் சம்பளம், மனசுல சோஷலிசம், இது முரண்பாடு இல்லையான்னு நீங்க கேட்கலாம். முரண்பாடுதான். ஆனா அவருக்கு இதை இணைக்கிற ஒரு எண்ணம் இருந்தது, அது மின்சாரத்திலிருந்தே வந்தது. மின்சாரத்தை நெல் மாதிரி மூட்டை கட்டி வைக்க முடியாது. உற்பத்தி ஆகுற நொடியிலேயே செலவாகணும். அதனால தனித்தனியா நின்னா கட்டுப்படியாகாது. எல்லாரையும் ஒரே வலையில் சேர்க்கணும், சேர்ந்தவங்க ஒத்துழைக்கணும். மின்சாரம் பரவப் பரவ மனுஷங்களும் ஒத்துழைக்கக் கத்துக்குவாங்கன்னு அவர் நம்பினார்.

1923-ல் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குக் குடும்பத்தோட நீண்ட பயணம் போய்த் திரும்பினார். திரும்பி வந்த கொஞ்ச நாளில், அக்டோபர் 26 அன்று, வீட்டில் படுக்கையிலேயே உயிர் பிரிந்தது. வயது 58.

வாழ்க்கை அதோட முடிஞ்சது. கணக்கு முடியலை.

ஃபேசர் படம் வரையும்போது நாம முதல்ல என்ன செய்றோம்? ஒரு வெக்டரைக் கிடைக்கோட்டுல போட்டு, இதுதான் ரெஃபரன்ஸ்னு சொல்றோம். மத்த எல்லாக் கோணமும் அதைப் பார்த்துத்தான். ஒரே லேபுக்குள்ள இது சுலபம். ஆனா தூத்துக்குடி பஸ்பாரின் கோணத்துக்கும் டெல்லி பஸ்பாரின் கோணத்துக்கும் வித்தியாசம் எவ்வளவுன்னு கேட்டா? பேப்பர்ல கணக்குப் போடலாம். நேரா அளக்கணும்னா ரெண்டு ஊர்லயும் ஒரே கணத்துல அளக்கணும். ரெண்டு ஊர்லயும் ஒரே கடிகாரம் வேணும். ஸ்டைன்மெட்ஸ் காலத்துல அது இல்லை.

இதை நம்ம திருவண்ணாமலை ஆட்களுக்குச் சொல்றது ஈஸி. கார்த்திகை தீபத்தன்னைக்கு சாயங்காலம் 6 மணி. கோயில்ல அர்த்தநாரீஸ்வரர் வெளியே வர்றார், அகண்ட தீபம் ஏத்துறாங்க, அதே கணத்துல 2,668 அடி உச்சியில கொப்பரையில மகாதீபம் எரியுது. சுத்துப்பட்டு ஊர்ல இருக்கிறவங்க யாரும் வாட்ச் பார்க்கிறதில்லை. மலையைத்தான் பார்க்கிறாங்க. மலையில தெரிஞ்சதும் வீட்டு வாசல்ல விளக்கு ஏறுது. ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிக்காமலே எல்லாரும் ஒரே நேரத்துக்கு வந்துடுறாங்க.

கிரிட்டுக்குத் தேவைப்பட்டது இப்படி ஒரு தீபம்தான். எல்லா சப்ஸ்டேஷனும் பார்க்கக்கூடியதா, நொடிக்கு ஒரு முறை எரியணும். அது ஜிபிஎஸ் சாட்டிலைட் வடிவத்துல வந்தது. எவ்வளவு துல்லியம் வேணும்னு பாருங்க. 50 ஹெர்ட்ஸ்ல ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். அதுல ஒரு டிகிரின்னா சுமார் 56 மைக்ரோசெகண்ட். மலையிலிருந்து 17 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்குத் தீபத்தின் வெளிச்சம் போய்ச் சேர ஆகுற நேரமே அவ்வளவுதான். நம்ம கண்ணுக்கு அது ஒண்ணுமில்லை, ஃபேசருக்கு அது ஒரு டிகிரி தப்பு. ஜிபிஎஸ் கடிகாரம் அந்த வெளிச்சத் தாமதத்தையும் கணக்குல எடுத்து, ஒரு மைக்ரோசெகண்டுக்குள்ள எல்லாரையும் ஒத்துப்போக வைக்குது.

இதை வச்சுக் கருவி செஞ்சவங்க வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் அருண் ஃபட்கேயும் அவர் குழுவும். ஃபட்கே இந்தியாவுல பிறந்து, காரக்பூர் ஐஐடியில படிச்சவர். 1988-ல் முதல் மாதிரி தயாரானது. பேர் ஃபேசர் மெஷர்மென்ட் யூனிட், சுருக்கமா பிஎம்யூ. ஸ்டைன்மெட்ஸ் கட்டுரைக்கு 95 வருஷம் கழிச்சு, அவர் பேப்பர்ல வரைஞ்ச கோணத்தை நாடு முழுக்க நேரடியா அளக்க முடிஞ்சது.

அளந்து என்ன பயன்? ஒரு லைன்ல எவ்வளவு பவர் போகும்கிறது முக்கியமா ரெண்டு முனையின் கோண வித்தியாசத்தைப் பொறுத்தது. கோணம் விரிய விரிய லைன் இழுத்துப் பிடிச்ச கயிறு மாதிரி ஆகுது. ஒரு அளவுக்கு மேல போனா அறுந்த மாதிரிதான், ரெண்டு பக்கமும் சிங்க்ரோனிசம் விட்டுப் போயிடும். பழைய ஸ்கேடா முறையில தகவல் சில நொடிக்கு ஒரு தடவைதான் வரும், அதுவும் பொதுவான நேர முத்திரை இல்லாம. நாலு நொடியில 200 சுற்று ஓடிடும். பிஎம்யூ நொடிக்கு 25 முறை, நேரத்தோட சேர்த்துக் கோணத்தை அனுப்புது.

2012 ஜூலை 30, அதிகாலை ரெண்டரை மணி சுமாருக்கு பீனா–குவாலியர் 400 கேவி லைன் ஓவர்லோடு ஆகி விலகியது. அதோட இணை சர்க்யூட் ஏற்கெனவே வேலைக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வட இந்திய கிரிட் முழுக்க விழுந்தது. மறுநாள் மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூணும் விழுந்தது. சுமார் 62 கோடி மக்கள் வசிக்கிற பகுதி இருட்டானது. தங்கள் பங்குக்கு மேல சில மாநிலங்கள் கரன்ட் இழுத்தது முக்கியக் காரணங்கள்ல ஒண்ணு. தென்னிந்தியா தப்பிச்சது, ஏன்னா நாம அப்போ மத்த கிரிட்டோட ஏ.சி.யில இணையலை, டி.சி. லிங்க் வழியா மட்டும்தான் தொடர்பு. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் மூலமா நாமளும் சேர்ந்தோம். அன்னையிலிருந்து திருவண்ணாமலையில நம்ம ரூம்ல ஓடுற ஃபேனும் காஷ்மீர்ல ஓடுற மோட்டாரும் ஒரே ஃப்ரீக்வென்சி. இனி விழுந்தா நாமளும் சேர்ந்துதான் விழுவோம். அதனாலதான் பவர்கிரிட் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல பிஎம்யூ வச்சிருக்கு.

ஆனா ஒண்ணு. பிஎம்யூ கோணத்தைக் காட்டும், அவ்வளவுதான். காட்டினதைப் பார்த்து லோடைக் குறைக்கிறது மனுஷங்க கையில இருக்கு. மின்சாரம் வந்தா ஒத்துழைப்பு தானா வரும்னு ஸ்டைன்மெட்ஸ் நம்பினதுல பாதிதான் சரியா வந்திருக்கு. ஒத்துழைப்பு கட்டாயம் தேவைங்கிற பாதி. அது தானா வரும்கிற பாதியை 2012 ஜூலை பொய்யாக்கிடுச்சு. நம்மள்ல சில பேர் நாளைக்கு சென்னையிலயோ பெங்களூருலயோ லோடு டெஸ்பாட்ச் சென்டர்ல அந்தத் திரை முன்னாடி உட்காருவோம். அங்கே கோணம் விரியறதைப் பார்க்கும்போது, ஒரு போனைப் போட்டு லோடைக் குறைங்கன்னு சொல்ல வேண்டியிருக்கும். எதிர்ப்பக்கம் இருக்கிறவங்க கேட்கணும். மீதிப் பாதி நாம போட வேண்டிய கணக்கு.